தாமரைக்கு முடிவெட்டிய நாள்

சலூன்காரருக்கு அந்த வீட்டில் பேச ஆள் கிடையாது.

வாழ்நாள் முழுக்க நாற்காலிக்குப் பின்னால் நின்று பேசியே பிழைத்த மனிதர். கத்தரி ஓடுகிற வேகத்துக்கு வாயும் ஓடும். யார் யாரோடு பேசுவதை நிறுத்தினார்கள், எந்த அதிகாரியை எந்த ஊருக்குத் தூக்கியடித்தார்கள் என்பதெல்லாம் செய்தித்தாளுக்கு முன்னால் அவர் கடைக் கண்ணாடிக்கு வந்துவிடும். இப்போது அவரோடு பேசுவது ஃபிரிட்ஜ் ஒன்றுதான். அதுவும் கதவைச் சரியாக மூடாவிட்டால்தான் குரல் கொடுக்கும்.

இந்த வீட்டில் இதுவரை நடந்ததைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். சலூன்காரருக்கே அதற்கு மேல் தெரியாது. கடை இருந்த கட்டடத்தை இடித்தார்கள். மனைவியை இழந்து வெகுகாலம் ஆனவர், பெட்டியோடு மகள் வீட்டுக்கு வந்தார். அவர் வந்து கொஞ்ச நாளிலேயே மாப்பிள்ளை தன் பெட்டியோடு வெளியே போனான். சண்டை இல்லை, சத்தம் இல்லை, ஒரு பாத்திரம்கூடப் பறக்கவில்லை. "வேலை விஷயமா வெளியூர் போயிருக்கான்" என்றாள் மகள்.

வேலை விஷயமாகப் போகிறவன் போர்வையையும் செருப்பு ஸ்டாண்டையுமா தூக்கிக்கொண்டு போவான்? அவர் கேட்கவில்லை. ஊரார் வீட்டுக் கதையையெல்லாம் கிளறிக் கிளறி வாங்கிய வாய், சொந்த மகள் முன்னால் ஒட்டிக்கொண்டது.

ஆனால் உள்ளுக்குள் ஒரு கேள்வி அரித்துக்கொண்டே இருந்தது. நான் உள்ளே வந்தேன், அவர் வெளியே போனார். அப்படியென்றால் நான்தானா?

அந்த அரிப்புத் தாங்காமல்தான் போன வாரம் அந்தக் காரியத்தைச் செய்தார். மகள் குளிக்கப் போன நேரம் பார்த்து மாப்பிள்ளைக்கு ஃபோன் போட்டார். "மாப்ள, தாமரை மொட்டு விட்டிருக்கு. ஞாயித்துக்கிழமை வந்து ஒரு பார்வை பார்த்துட்டுப் போங்க. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிராதீங்க."

மறுமுனையில் அவன், "சிவப்பா, வெள்ளையா மாமா?" என்று கேட்டான்.

வராதவன் நிறம் கேட்பானா? அது போதும் அவருக்கு.

இன்று ஞாயிற்றுக்கிழமை.

மகள் காலையிலேயே கிளம்பிவிட்டாள். ஊர்க் குழாய்த் தண்ணீரைச் சோதிக்கிற லேபில் வேலை. அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டும்போது அவள் முகத்தில் வருகிற ஒரு நிமிர்வு, கல்யாண ஃபோட்டோவில்கூட இல்லை.

"ஞாயித்துக்கிழமையுமா பாப்பா?"

முப்பதைத் தாண்டியும் அவருக்கு அவள் பாப்பாதான்.

"ஞாயித்துக்கிழமை யாரும் தண்ணி குடிக்க மாட்டாங்களா?"

"சும்மா கேட்டேன்."

"மதியம் வந்துருவேன். சாப்பாடு மேசை மேல இருக்கு. மாத்திரை சாப்பிட்டதுக்கு அப்புறம். முன்னாடி இல்ல."

"மொட்டு நேத்தைக்கு விட உசந்திருக்கு. பார்த்தியா?"

"பார்த்தேன்."

"இலைதான் ஒரே காடா..."

"குளத்துக்குள்ள கையை விடாதப்பா. தண்டெல்லாம் முள்ளு."

கதவு சாத்திக்கொண்டது. அன்றைய பேச்சு அதோடு தீர்ந்தது.

குளம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. வீட்டுப் பின்பக்கம், துணி காயும் கம்பிக்கு அடியில், ஓர் ஆள் கையை விரித்துப் படுக்கிற அளவுக்கு வட்டமாக ஒரு பள்ளம். கல்யாணமான புதிதில் இருவரும் சேர்ந்து வெட்டியது. அடியில் கனமான கறுப்பு பிளாஸ்டிக் ஷீட், அதன் மேல் பசைமண், மண்ணுக்கு மேல் முழங்கை ஆழத்துக்குத் தண்ணீர். சதுரமாக வெட்டினால் சுலபமாயிற்றே என்று சலூன்காரர் அப்போது கேட்டார்.

"மூலை இருந்தா கிழங்கோட நுனி அதுல போய் முட்டிக்கிட்டு நின்னுரும் மாமா. வட்டம்னா சுவரைத் தடவிக்கிட்டே சுத்திச் சுத்தி ஓடும்" என்றான் மாப்பிள்ளை. அவன் லிஃப்ட் மெக்கானிக். எது எங்கே முட்டி நிற்கும் என்று பார்ப்பதுதான் அவன் பிழைப்பு.

இத்தனை காலமும் இலை மட்டும்தான் வந்தது. முதல் மொட்டு இந்தக் கோடையில்தான் எட்டிப் பார்த்தது, வெட்டினவர்களில் ஒருவன் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து.

சலூன்காரர் பின்பக்கம் வந்து நின்றார். பார்த்ததும் கை அரித்தது.

விளிம்பு கருகிய இலை. பூச்சி அரித்த இலை. மஞ்சளாகிச் சாய்ந்த இலை. நல்ல இலைகளும் குடை குடையாக நெருக்கியடித்துக்கொண்டு மொட்டையே மறைத்தன. பெண்டாட்டியைப் பார்க்கப் போகிறவன் ஒரு மாதத் தாடியோடு நாற்காலியில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது அவருக்கு. மாப்பிள்ளை வருகிறார். வந்ததும் மொட்டு கண்ணில் பட வேண்டும். பட்டால் ஒரு நிமிடம் நிற்பார். நிற்கும்போது பாப்பா வந்து பக்கத்தில் நிற்பாள். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றுவிட்டால், மிச்சத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

அதற்கு இந்தக் காட்டை வழிக்க வேண்டும். வழிக்கத் தெரிந்த ஆள் வீட்டிலேயே இருக்கிறார்.

பெட்டியைத் திறந்து நீளக் கத்தரியை எடுத்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். விரலும் கட்டைவிரலும் வளையத்துக்குள் போனதும் முதுகு தானாக நிமிர்ந்தது.

"உக்காருங்க சார்," என்றார் தாமரையைப் பார்த்து. "ரொம்ப நாளா ஆளையே காணோம்? வேலை ஜாஸ்தியோ? வீட்ல எல்லாரும் நல்லாயிருக்காங்களா?"

மாதக்கணக்காக அடைத்துக் கிடந்த வாய் திறந்துகொண்டது. கட்டடம் இடிந்த கதையைச் சொன்னார். கூட்டாளி வேறொரு தெருவில் சின்னதாகக் கடை போட்டு, "இன்னொரு நாற்காலிக்கு இடம் இருக்கு, வந்துரு" என்று கூப்பிட்டதைச் சொன்னார். "எப்படிப் போறது சார்? பாப்பா தனியா இருக்கா. புருஷன் போன வீட்ல அப்பனும் போயிட்டா என்ன ஆகும்?" என்றார். தாமரை நடுவில் ஃபோனை எடுக்கவில்லை. கடிகாரத்தைப் பார்க்கவில்லை. இப்படி ஒரு வாடிக்கையாளர் அவருக்கு வாய்த்ததே இல்லை.

தண்ணீருக்கு மேலே வெட்டினால் தண்டு குச்சி குச்சியாக நிற்கும். பிடரியில் முள் விட்டு அனுப்புவது அவர் கடையில் கிடையாது. சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, முழங்கைவரை கையை உள்ளே விட்டு, மண்ணைத் தொட்டுத் தடவி, அடியோடு வெட்டினார். முள் கீறியது. பாப்பா சொன்னது சரிதான், என்றாலும் முள்ளுக்குப் பயந்தா தொழில் செய்தார்? ஒவ்வொரு வெட்டுக்கும் அடியிலிருந்து குமிழி குமிழியாக மேலே வந்தது. "உள்ளே மீன்கூட இருக்கும் போல" என்று சந்தோஷப்பட்டுக்கொண்டார்.

முடித்தபோது பக்கத்தில் இலைக் குவியல், விடுமுறை நாள் சலூன் தரை மாதிரி. குளம் சுத்தமாக இருந்தது. நடுவில் ஒற்றை மொட்டு, துணைக்கு ஒரே ஓர் இலை. பின்பக்கம் காட்டுவதற்குக் கைக்கண்ணாடியைத் தேடினார். தேடினது உறைத்ததும் சிரிப்பு வந்தது. சிரித்ததைச் சொல்ல ஆள் இல்லாததால் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது.

மகளின் ஸ்கூட்டரும் மாப்பிள்ளையின் செருப்புச் சத்தமும் ஒன்றாகவே வாசலுக்கு வந்தன.

"நீ எங்க இங்க?"

"மொட்டு பார்க்க வந்தேன்."

"யாரு சொன்னா?"

"காத்து வாக்குல வந்துச்சு."

"அந்தக் காத்து தினமும் பிரஷர் மாத்திரை போடுமா?"

உள்ளே நின்ற சலூன்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "அட, வாங்க மாப்ள, வாங்க. வெயில்ல நின்னு என்ன பேச்சு? முதல்ல பின்னாடி வந்து பாருங்க. ரெண்டு பேரும் வாங்க."

முன்னால் நடந்தார். கடையில் வேலை முடிந்ததும் துணியை ஒரே உதறாக உருவுவாரே, அந்த மிடுக்கோடு கையை வீசிக் காட்டினார்.

இருவரும் பக்கத்தில் பக்கத்தில்தான் நின்றார்கள். அவர் நினைத்தபடியே. ஆனால் யாரும் மொட்டைப் பார்க்கவில்லை.

"அப்பா," என்றாள் மகள். குரல் தாழ்ந்திருந்தது. "எங்க வெட்டின?"

"அடியோட வெட்டிட்டேன் பாப்பா. ஒரு குச்சி தெரியுதா பாரு!"

"தண்ணிக்குள்ளயா?"

"ஆமா. மண்ணைத் தொட்டு..."

"ஐயோ!" அவள் தலையில் கை வைத்தாள். "கையை விடாதன்னு சொல்லிட்டுத்தானப்பா போனேன்!"

"முள்ளுன்னுதானே சொன்ன? முள்ளு என்னை என்ன பண்ணும்?"

மாப்பிள்ளை குவியலிலிருந்து ஒரு தண்டை எடுத்தான். வெட்டின முனையை அவர் கண்ணுக்கு நேரே காட்டினான். உள்ளே துளை துளையாக இருந்தது. இலையைக் கிள்ளி எறிந்துவிட்டு, ஒரு முனையை வாயில் வைத்து, மறுமுனையைத் தண்ணீரில் விட்டு ஊதினான். குமிழி குமிழியாக வந்தது.

"வெட்டும்போது இதானே மாமா பார்த்தீங்க?"

"நான் மீனுன்னு நெனச்சேன்."

"மூச்சு மாமா. கிழங்கு மண்ணுக்குள்ள இருக்கு, அங்க ஏது காத்து? இலை மேல இருந்து இழுத்து இந்தக் குழாய் வழியா அனுப்பும். இப்போ அதே குழாய் வழியா தண்ணி உள்ள இறங்குது. கிழங்கு அழுகிரும்."

"மூக்கை அறுத்துட்ட," என்றாள் மகள். "அறுத்த மூக்கைத் தண்ணிக்குள்ள விட்டும் வெச்சிருக்க. அழகா இருக்கணும்னு!"

சலூன்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இத்தனை வருடத் தொழிலில் ஒரு காதைக்கூடக் கீறியதில்லை அவர்.

"இப்போ என்ன பண்றது மாப்ள?"

மாப்பிள்ளை ஏற்கெனவே பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டிருந்தான். "தண்ணியை இறக்கணும். வெட்டுவாய் எல்லாம் வெளிய தெரியற வரைக்கும். பக்கெட் எங்க இருக்கு?"

"வெச்ச இடத்துலதான் இருக்கு," என்றாள் மகள். "நீ போனதால பக்கெட்டும் போயிருமா?"

மொண்டு ஊற்றுவதைத் தவிர வழியில்லை. மகள் குளத்தின் ஓரத்தில் குந்தித் தண்ணீரை மொண்டாள். மாப்பிள்ளை சுவரோரச் சாக்கடையில் ஊற்றினான். நடுவில் சலூன்காரர். நிறைந்த பக்கெட்டை இந்தப் பக்கம் வாங்கி அந்தப் பக்கம் கொடுத்தார், காலி பக்கெட்டை அந்தப் பக்கம் வாங்கி இந்தப் பக்கம் கொடுத்தார். பேச்சும் அவர் வழியாகவே போய் வந்தது.

"ஒரே ஒரு இலையை விட்டிருக்காரு," என்றாள் மகள்.

"ஒண்ணாவது இருக்கே."

"ஒண்ணை வெச்சுக்கிட்டு எவ்ளோ நாளு மூச்சு விடும்?"

"நீ விடலையா?"

அடுத்த பக்கெட் வேகமாக வந்தது. பாதித் தண்ணீர் சலூன்காரர் சட்டையில். நனைந்தாலும் பரவாயில்லை, பேசுகிறார்களே.

"குவார்ட்டர்ஸ் இன்னும் காலியாத்தான் கெடக்கு," என்றான் மாப்பிள்ளை. மனைவியிடம் இல்லை, பக்கெட்டிடம்.

"கெடக்கட்டும்."

"நானும் அங்க குடிபோகல. சைட் ஷெட்லதான் படுக்கறேன். ரெண்டு பேருக்குன்னு குடுத்த வீட்ல ஒருத்தன் மட்டும் போய் எங்க படுக்கறது?"

"யாரு படுக்க வேணாம்னாங்க?"

"என்ன குவார்ட்டர்ஸ்?" என்று கேட்டார் சலூன்காரர்.

இரண்டு பக்கமும் பக்கெட் பாதியில் நின்றது.

"மாமாவுக்குத் தெரியாதா?" மாப்பிள்ளை மகளைப் பார்த்தான்.

"நீ பேசாம ஊத்து."

"நாலு மாசமா ஒரே வீட்ல இருக்கீங்க, சொல்லலையா?"

"ஊத்துன்னு சொன்னேன்."

அவன் ஊற்றவில்லை. பக்கெட்டைக் கீழே வைத்தான். "மாமா, கம்பெனி என்னை வெளியூர்ல ஒரு புது ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்கு மாத்திட்டாங்க. பதினாறு லிஃப்ட், பக்கத்துலயே இருக்கணும். ஒரே ரூம்தான் குடுத்தாங்க. புருஷன் பொண்டாட்டி மட்டும், வேற யாருக்கும் அனுமதி இல்ல. கெளம்புன்னேன். அப்பாவை எங்க விடறதுன்னு கேட்டா. அதுக்கு மேல நான் என்ன சொல்ல முடியும்? விட்டுட்டு வான்னு சொல்ல எனக்கு வாய் வருமா? அதான் நான் மட்டும் போனேன்."

சலூன்காரர் கையில் காலி பக்கெட் தொங்கியது.

ஆக, அவர்தான். மாதக்கணக்காக அரித்த கேள்விக்குப் பதில் இதோ, அவர் வழியாகவே பக்கெட்டில் வந்து சேர்ந்துவிட்டது. மகளுக்குத் துணையாக இருக்கிறோம் என்று நினைத்து அவர் கூட்டாளியின் நாற்காலியை வேண்டாம் என்றார். அவளோ அப்பாவுக்குத் துணை வேண்டும் என்று புருஷனை வேண்டாம் என்றாள். துணைக்குத் துணையாக இருந்து இரண்டு பேரும் இந்த வீட்டில் சாப்பாடு, மாத்திரை என்று இரண்டு வார்த்தை பேசிக்கொண்டிருந்தார்கள்.

மகள் யார் முகத்தையும் பார்க்காமல் மொண்டுகொண்டே இருந்தாள்.

ஒருவழியாக மண் தெரிந்தது. கறுப்பு மண்ணில் வெட்டுவாய்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன, மழித்த மறுநாள் தாடை மாதிரி. மாப்பிள்ளை முழங்காலில் விழுந்து விரலால் தொட்டுப் பார்த்தான். எல்லாம் சேற்றுக்கு மேலே ஒரு விரற்கடை உயரத்தில் நின்றன. மொட்டு தலையைச் சாய்த்துவிட்டது.

"பூக்காது," என்றான். "கிழங்கு பிழைச்சா போதும். மண்ணு காயாமப் பார்த்துக்க. தண்ணி ஏத்தாத. புதுசா சுருள் இலை வந்தா பிழைச்சிருச்சுன்னு அர்த்தம்."

"எனக்குத் தெரியும்."

"தெரியும்னு எனக்கும் தெரியும். சும்மா சொன்னேன்."

சும்மா சொன்னதாம். அவளிடம் பேச அவனுக்கு வேறு பேச்சு இல்லை, அதற்காகக் குளத்து மண்ணைப் பேசினான். சலூன்காரருக்கு அது புரிந்தது. காலையில் அவரும் அப்படித்தானே மொட்டைப் பேசினார்.

மாப்பிள்ளைக்கு ராத்திரி ஷிஃப்ட். வாசல்வரை சலூன்காரர் கூடவே போனார். மகள் வரவில்லை.

"மாப்ள, ஒரு நிமிஷம்." கேட்டைப் பிடித்துக்கொண்டார். "நான் கெளம்பிடறேன்."

"எங்க மாமா?"

"என் கூட்டாளி கடை போட்டிருக்கான். ஒரு நாற்காலி காலியா இருக்கு. பின்னாடியே ஒரு ரூமும் இருக்கு. எனக்கென்ன, கத்தரி இருக்கு, கை இருக்கு. நீங்க பாப்பாவைக் கூட்டிட்டுப் போங்க."

"மாமா, நான் அதுக்காகச் சொல்லல..."

"நீங்க சொல்லல. நான் சொல்றேன்."

லிஃப்ட் மேலே ஏறும்போது எண்கள் ஒவ்வொன்றாக எரியுமே, மாப்பிள்ளையின் முகம் அப்படி ஒளிர்ந்தது. "அவ சம்மதிப்பாளா?"

"சம்மதிக்காம? அவ கேட்ட கேள்வி நான்தானே? நானே இல்லைன்னா அப்புறம் என்ன கேள்வி?"

"அப்போ இன்னைக்கே ஆபீஸ்ல சொல்லிடறேன் மாமா, குடும்பத்தோட குடிவர்றோம்னு. சாவியைக் கேட்டு வாங்கிடறேன். நீங்க அவகிட்ட பக்குவமாச் சொல்லிடுங்க." அவர் கையைப் பிடித்துக் குலுக்கினான். தெருமுனை வரைக்கும் இரண்டு தடவை திரும்பிப் பார்த்துக் கையசைத்தான்.

சலூன்காரர் உள்ளே வந்தபோது மகள் பின்வாசல் குழாயில் காலைக் கழுவிக்கொண்டிருந்தாள். நகக்கண்ணெல்லாம் சேறு.

"பாப்பா, ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருந்தா நான் அன்னைக்கே போயிருப்பேனே."

"எங்க போயிருப்ப?"

"எங்கயோ. உன் வாழ்க்கைக்குக் குறுக்க வந்து உக்காந்துக்கிட்டு..."

"நீ குறுக்க வரலப்பா."

"சமாதானம் சொல்லாத. என் காதாலதான் கேட்டேனே."

"நீ கேட்டது நான் அவன்கிட்ட சொன்னது." குழாயை இறுக்கி மூடினாள். "அது பொய்."

அவர் புரியாமல் நின்றார்.

"குவார்ட்டர்ஸ் வந்துருச்சு, கெளம்புன்னான். நான் அப்போதான் பரீட்சை எழுதி சீனியர் ஆகியிருந்தேன். இந்த ஊர்ல எந்தக் குழாய்ல என்ன வருதுன்னு கையெழுத்துப் போடற ஆளுப்பா நான். உன் வேலை என்ன ஆகும்னு ஒரு வார்த்தை கேட்டானா? கேக்கல. கெட்டவன்னு சொல்லல. அவனுக்குத் தோணவே இல்ல. எந்தப் பெட்டியில துணி வைக்கலாம்னுதான் கேட்டான்."

"அதை அவர்கிட்டயே சொல்லியிருக்கலாமே பாப்பா."

"சொன்னா என்ன வரும்? புருஷனை விட வேலை பெருசான்னு வரும். அவங்க அம்மா கேப்பாங்க. எதிர்வீட்டுக்காரி கேப்பா. நீயும் கேப்ப. கேப்பியா மாட்டியா?"

கேட்டிருப்பார்.

"எனக்காக வரமாட்டேன்னு சொன்னா திமிரு. அப்பாவுக்காக வரமாட்டேன்னு சொன்னா நல்ல பொண்ணு. ஒருத்தர் வாயைத் திறக்கல தெரியுமா? அவனே கண்ணு கலங்கிட்டான். அவ்ளோ சுலபமா இருந்துச்சு. அதான் உன் பேரைச் சொன்னேன்." துண்டு தேடாமல் கையைச் சட்டையிலேயே துடைத்தாள். "தப்புத்தான். ஆனா வேற வழி தெரியல."

சலூன்காரர் படியில் உட்கார்ந்தார்.

சந்தோஷப்பட வேண்டிய விஷயம். அவர் காரணம் இல்லை. யார் வாழ்க்கையையும் அவர் கெடுக்கவில்லை. நெஞ்சிலிருந்து பாரம் இறங்கித்தான் போனது. ஆனால் இறங்கின இடம் வெறுமையாக இருந்தது. இந்த ஒரு மணி நேரம் இரண்டு பேர் தன்னால் பிரிந்து கிடக்கிறார்கள் என்ற கொடுமையான நினைப்பில் இருந்தார்; அதிலும் அவருக்கென்று ஓர் இடம் இருந்தது. இப்போது பார்த்தால் அவர் துணையும் இல்லை, தொந்தரவும் இல்லை. அவசரத்துக்கு எடுத்துப் பிடித்த ஒரு குடை.

"அவன்கிட்ட சொல்லிராத," என்றாள் மகள்.

அப்போதுதான் அவருக்கு வாசலில் நடந்தது நினைவுக்கு வந்தது.

"பாப்பா, நான் ஒண்ணு சொல்லிட்டேன்."

"என்ன சொன்ன?"

"நான் கூட்டாளி கடைக்குப் போறேன், நீங்க பாப்பாவைக் கூட்டிட்டுப் போங்கன்னு. அவர் சாவி வாங்கப் போயிருக்காரு."

அவள் அவரையே பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தார். அவள் மெதுவாக வந்து அதே படியில், ஒரு கை தள்ளி, உட்கார்ந்தாள்.

"என்னைக் கேக்கணும்னு உனக்கும் தோணலையாப்பா?"

அவர் சட்டைப் பையில் ஃபோன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். மாப்பிள்ளை.

இரண்டு பேரும் அது அடிப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அடித்தது. சந்தோஷத்தில் இருப்பவன் சீக்கிரம் விடமாட்டான்.

"எடுத்து ஏதாவது சொல்லி வைப்பா," என்றாள் மகள். "அப்பாவுக்கு உடம்பு சரியில்ல, இப்போ முடியாதுன்னு சொல்லு. எதையாவது சொல்லு."

எதையாவது சொல்வதில் அவரை மிஞ்ச ஆளில்லை. வாழ்நாள் பூராவும் அதைத்தான் செய்தார். பொருந்தாத மீசையை ராஜா மாதிரி இருக்கிறது என்றார், வழுக்கையை வெயில் என்றார். வாய்வரைக்கும் ஒரு நல்ல பொய் வந்தது.

"இல்ல பாப்பா," என்றார். ஃபோனை அவள் பக்கம் நீட்டினார். "என் பேரை இன்னொரு தடவை சொல்ல வேணாம். நீ பேசு."

அவள் வாங்கவில்லை. அவர் கையும் மடங்கவில்லை. முள் கீறிய கோடுகளோடு அந்தக் கை நீண்டபடியே இருந்தது.

கடைசியில் அவள் வாங்கினாள்.

"நான்தான்... அப்பா பக்கத்துல இருக்காரு, நல்லாத்தான் இருக்காரு... நீ எங்க இருக்க? பஸ்ஸுலயா?" எழுந்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள். "சரி, அடுத்த ஸ்டாப்புல இறங்கு. சாவியெல்லாம் அப்புறம். இறங்கி எங்கயாவது நின்னுக்கிட்டு கூப்பிடு. நான் சொல்லப் போறது பஸ்ஸுல தொங்கிக்கிட்டுக் கேக்கற விஷயம் இல்ல."

ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சலூன்காரர் படியிலேயே இருந்தார். உள்ளே ஃபோன் இன்னும் அடிக்கவில்லை.